பீன்யா சத்தம் போடாத நாள்

போன வாரம் ஒரு சாயங்காலம் மெட்ரோவில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைத்திருந்தது. இந்த ஊரில் அதுவே பாதி மோட்சம். ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் இருக்கும் பெண் போனுக்கு ஒரு பாட்டை அனுப்பியிருந்தாள். "சார், நம்ம பெங்களூரு பேண்டு. மெட்டல்கோர். கம்பெனி எதுவும் இல்லாம தாங்களே புது ஆல்பம் போட்டிருக்காங்க. உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது, சும்மா கேட்டுப் பாருங்க" என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தாள். எனக்கு இதெல்லாம் பிடிக்காதாம்! அவளைச் சொல்லி என்ன பிரயோசனம்? முன்பக்கம் வழுக்கை, பின்பக்கம் டிபன் பை, போனை எட்டத்தில் பிடித்துப் படிக்கிற ஆள். எனக்கே என்னைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இயர்போனை மாட்டிக்கொண்டேன். வண்டி சரியாக பீன்யா தொழிற்பேட்டையைத் தாண்டும் நேரம். ஜன்னலுக்குக் கீழே ஷெட் ஷெட்டாகக் கூரைகள். கிடார் இரண்டு இழுப்பு இழுத்தது, டிரம் உள்ளே விழுந்தது, அப்புறம் ஒரு பெண் கத்தினாள். அடேயப்பா! அந்தக் குளிர்பெட்டியில் எந்த வாசனையும் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் என் மூக்குக்கு கூலண்ட் ஆயில் வாசனை வந்தது. கூடவே கற்பூரம், பழைய சாக்கில் கட்டின பொரி. இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன்.

மெட்டல்கோர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஒரு வரி தொண்டை கிழியக் கத்துவார்கள். அடுத்த வரியே தொட்டிலை ஆட்டுகிற மாதிரி அத்தனை இனிமையாகப் பாடுவார்கள். நடுவில் ஓர் இடத்தில் எல்லோரும் சேர்ந்து வேகத்தைக் குறைத்து, ஒரே அடியாக இறங்கி இடிப்பார்கள். அந்த இடத்தில் கேட்கிறவனுக்கு வயிற்றுக்குள் ஏதோ நகரவேண்டும், இல்லாவிட்டால் அது தேறாது. எங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. சிவாஜிநகர் நடைபாதையில் விற்ற திருட்டு சிடிக்களைக் கேட்டுக் கேட்டு, கேட்டதில் பாதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு, நாங்களாகக் கற்றுக்கொண்டது.

'நாங்கள்' என்றால் நான்கு பேர். எங்கள் பேண்டுக்கு 'செகண்ட் ஷிஃப்ட்' என்று பெயர். நான் பேஸ் கிடார். அதில் நான்கு கம்பிகள் உண்டு, மூன்று எனக்குத் தேவைப்பட்டதில்லை. டிரம்ஸ் நயாஸ். அவனும் நானும் பீன்யாவில் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தோம். அவன் பிரஸ் மெஷினில், நான் லேத்தில். தகட்டை வெட்டி வெட்டி அவனுடைய வலது காலுக்குத் தாளம் தானாக ஏறியிருந்தது. கிடார் விஜி. அவன் சிவாஜிநகரில் கல்யாணத்துக்கும் மீட்டிங்குக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிற கடையில் வேலை. பாட்டெல்லாம் அவன் எழுதுவதுதான். கடவுளே கிடையாது, இருந்தால் வந்து முன்னால் நில்லு என்று சவால்விடுகிற பாட்டுகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான்காவது சுகுணா. அவளைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மர்பி டவுனில் நாங்கள் இருந்த தெருவுக்கு அப்போதெல்லாம் தண்ணீர் லாரி வரும். ஒரு நாள் பாதிக் குடம்கூட நிரம்பாமல் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். பெண்களெல்லாம் "ஓய் ஓய்" என்று பின்னால் ஓடுகிறார்கள். வண்டி தெருமுனையையே தாண்டப் போகிறது. அப்போது மாடியிலிருந்து ஒரு குரல் "நிறுத்துப்பா!" என்றது. ஒரே ஒரு வார்த்தை. வண்டி நின்றது. நாய்கள் நின்றன. சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் காலை ஊன்றி இறங்கி, தன்னைத்தான் சொன்னதாக நினைத்து மாடியைப் பார்த்துக் கும்பிட்டார். விஜி சவரம் பண்ணிக்கொண்டிருந்தவன், பாதி முகத்தில் நுரையோடு வெளியே ஓடிவந்து "யாருடா அது?" என்றான்.

அதுதான் சுகுணா. பார்த்தால் ஒல்லி, குட்டை, தலையில் எப்போதும் எண்ணெய். கால் சென்டரில் வேலை. அங்கே அவள் பெயர் சாண்ட்ரா. அமெரிக்காவில் யாருக்கோ பிரிண்டர் ஓடாவிட்டால் இவள்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். திட்டினாலும் குரலை உயர்த்தக்கூடாது, சிரித்துக்கொண்டே பேசவேண்டும். சிரிப்பது போனில் கேட்குமாம்! மேலே இருப்பவர்கள் ஒட்டுக்கேட்டு மார்க் போடுவார்களாம். ஷிஃப்ட் முழுக்க அப்படிப் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்து மைக்கைப் பிடிப்பாள். அவள் வாயைத் திறந்தால் முதுகுத்தண்டு சில்லிடும். எத்தனை தடவை கேட்டாலும் பழகவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்பதை அவளைப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன்.

எங்கள் பிராக்டிஸ் எல்லாம் பீன்யா ஷெட்டில்தான். வீட்டில் வாசிக்க முடியுமா? சுவருக்குச் சுவர் ஒட்டின வீடுகள். ஷெட்டின் ஃபோர்மேன் முனியப்பண்ணா நல்ல மனுஷர். கோலார் பக்கத்துக்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்து, தானும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பார். "இது பாட்டா, ரிப்பேரா?" என்று முதல் நாள் கேட்டார். அடுத்த வாரமே சுகுணாவுக்கென்று வீட்டிலிருந்து சீரகத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவரிடம் ஒரு வழக்கம். ஷெட்டின் மூலையில் ஒரு பழைய லேத் கிடந்தது. பல் எல்லாம் போய், ஓடாமல் வருஷக்கணக்காக நிற்கிறது. பழைய இரும்புக்காரன் கேட்டால் கொடுக்கமாட்டார். மற்ற மெஷின்களைத் துடைக்கும்போது அதையும் துடைப்பார். "ஓடாத மெஷினுக்கு எதுக்கண்ணா இவ்ளோ உபசாரம்?" என்று ஒரு பிராக்டிஸின்போது எல்லோர் முன்னாலும் நான் கிண்டல் செய்தேன். "ஓடினது தானேப்பா" என்றார். அவ்வளவுதான் பதில். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ, மழைக்காலம். சுகுணா பிராக்டிஸுக்கு வந்து மைக்கைத் தொடாமல் உட்கார்ந்தாள். குரல் கொஞ்ச நாளாகவே கட்டிக்கொண்டிருந்தது. குரல் நாணில் கட்டி மாதிரி வளர்ந்திருக்கிறதாம். ஆபரேஷன் பண்ணியே ஆகவேண்டும், தசரா முடிந்ததும் வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நம்மளால தானா?" என்று விஜி கேட்டான். முகம் வெளுத்துவிட்டது.

"கத்தினதும் உண்டாம். அத விட, நாளெல்லாம் ஏசியில உக்காந்து மெதுவா பேசினதுதான் ஜாஸ்தியாம்" என்றாள். "அப்புறம் குரல் எப்படி இருக்கும்னு டாக்டருக்கே தெரியல. பேசலாம். இது வருமான்னு சொல்ல முடியாதாம்."

'இது' என்று சொல்லும்போது மைக்கைக் காட்டினாள். வெளியே எதிர் ஷெட்டில் இரும்பை அடிக்கிற ஃபோர்ஜிங் சம்மட்டி மட்டும் தொம் தொம் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"இருக்கிறப்பவே ஒரு தடவ பதிஞ்சு வச்சுக்கலாமா?" என்றாள் சுகுணா.

நான் வேண்டாம் என்றேன். நயாஸ் "அரே, உடம்பு முக்கியமா, சிடி முக்கியமா?" என்று சண்டைக்கே போனான். அவள் கேட்பதாயில்லை. "ஒரே ஒரு நாள். அதுக்கப்புறம் நீங்க சொன்னாலும் வாயத் திறக்கமாட்டேன். நான் இல்லாதப்ப நீங்க பதிவீங்க, வேற யாரையாவது வச்சுக் கத்த விடுவீங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்" என்றாள். அப்படிப் பச்சையாகச் சொன்னபிறகு என்ன செய்வது?

ஆக, எங்கள் ஆல்பத்துக்குக் கெடு வைத்தது சுகுணாவின் தொண்டை.

ஆனால் எங்கே பதிவது? ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்க்கக்கூட எங்களுக்கு வக்கில்லை. ஷெட்டில் பதியலாம் என்றால் அந்தச் சம்மட்டி. பீன்யாவில் ஞாயிற்றுக்கிழமைக்கும் சத்தம் உண்டு. ஒரு ஷெட் ஓய்ந்தால் அடுத்த ஷெட் ஓவர்டைம் பார்க்கும். ராத்திரிக்கும் ஷிஃப்ட் உண்டு. நயாஸ்தான் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "ஆயுத பூஜை! அன்னிக்கு மொத்த பீன்யாவும் வாய மூடிட்டிருக்கும்டா!"

என்ன மூளை! அன்று ஒரு நாள்தான் ஒரு மெஷினும் ஓடாது. துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு வைத்தால், மறுநாள் மறுபூஜை முடிகிற வரைக்கும் ஸ்விட்ச்சைத் தொடமாட்டார்கள். முதலாளி தலைகீழாக நின்றாலும் நடக்காது. ரெக்கார்டருக்கு வழி விஜி. அவன் கடையில் பல டிராக்குகளில் பதிகிற ரெக்கார்டர் ஒன்று உண்டு. கடையில் பூஜை சாயங்காலம்தான். காலையில் எடுத்துவந்து, பூஜைக்கு முன்னால் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டால் முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போகும். அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

முந்தின நாள் மத்தியானம் மெஷின்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். ஷெட்டைக் கழுவிவிட்டோம். எங்கள் டிரம்ஸ், கிடார், பேஸ், ஆம்ப் எல்லாவற்றையும் ஓரமாகத் தார்பாய்க்கு அடியில் தயாராக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். நான் தூங்கவில்லை. ஏதாவது மறந்தோமா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். ஒயர் எடுத்தோம், ஸ்டாண்டு எடுத்தோம், தேன், மிளகு, எல்லாம் எடுத்தாயிற்று. எதையும் மறக்கவில்லை.

மறுநாள் காலை, விஜி கடையிலிருந்து எடுத்துவந்த ரெக்கார்டரும் மைக்குமாக, மர்பி டவுனிலிருந்து கிளம்பி, மெஜஸ்டிக்கில் பஸ் மாறி, பீன்யாவில் இறங்கினோம். முதலில் அந்த அமைதி. உங்களுக்கு எப்படிச் சொல்வது? அந்த ரோட்டில் வருஷக்கணக்காக நடந்திருக்கிறேன், காக்கா கத்தி ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று கேட்டது. ஒவ்வொரு கேட்டிலும் வாழைக்கன்று, கலர் காகிதம். ரோட்டில் உடைந்த பூசணிக்காய். லாரிகள்கூட மாலை போட்டுக்கொண்டு சமர்த்தாக நின்றன.

ஷெட் கதவைத் திறந்தோம். முனியப்பண்ணா பட்டு வேட்டியில், வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு முழு நாளும் கிடைக்கட்டும்னு விடியக்காலையிலேயே பூஜைய முடிச்சிட்டேன். முதலாளி வந்துட்டுப் போயாச்சு. பூஜே ஆய்த்து, ஷெட்டு உங்களுது" என்றார். பிறகு இன்னும் பெருமையாக, "உங்க சாமான மட்டும் விட்டுடுவேனா?" என்று கையை நீட்டிக் காட்டினார்.

பிரஸ் மெஷினுக்கும் லேத்துக்கும் நடுவில், வாழை இலைமேல், எங்கள் டிரம்ஸ். பெரிய டிரம்மின் தோலில் நடுவாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஸ்னேர் டிரம்முக்கு சாமந்தி மாலை. விஜியின் கறுப்புக் கிடாரில் விபூதிப் பட்டை. அதில் ஏற்கெனவே மண்டையோடு ஒட்டியிருந்தான், மண்டையோட்டுக்கு நெற்றியில் பொட்டு. என் பேஸுக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். கடைசியில் அந்த ஓடாத லேத், அதற்கும் மாலை.

நான்கு பேரும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றோம். அமைதிக்காக இந்த நாளைத் தேடிப்பிடித்த நாங்கள், எதற்காக இந்த நாள் அமைதி என்பதை யோசிக்கவே இல்லை. பீன்யாவில் வேலை பார்க்கிறவர்கள், வருஷாவருஷம் பொட்டு வைத்த கைகள்! வேறு எவனாவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

முனியப்பண்ணாவுக்கு மெதுவாக விஷயம் உறைத்தது. முகம் சுருங்கிவிட்டது. "ஐயையோ. ரெக்கார்டிங்குன்னா பாட்டு மட்டும்னு நினைச்சேன்பா" என்றார். "எடுத்துக்கோங்க, பரவால்ல, நான் வெளிய போயிடறேன்" என்று வேறு சொன்னார். சொல்லும்போது அவர் கண் எங்களைப் பார்க்கவில்லை.

நான் நயாஸைப் பார்த்தேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொடமாட்டேன். இதே ஷெட்ல நாளைக்கு பிரஸ்ஸுல கை வைக்கிறவன் நான். என் விரலுக்கு யாரு கேரண்டி?" என்றான்.

சரி, கடவுள் இல்லாதவன் இருக்கிறானே என்று விஜியிடம் திரும்பினேன். அவன் கிடாரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு எடுத்துக்கலாம் மச்சி" என்றான், மிகவும் பணிவாக.

"டேய், நாளைக்கு ரெக்கார்டர் கிடைக்காது. ரெக்கார்டர் கிடைச்சாலும் சம்மட்டி அடிக்க ஆரம்பிச்சிடும். நீதானே கடவுளே முன்னால வந்து நில்லுன்னு எழுதினே?"

"எழுதினேன். இப்படி டிரம் மேல வந்து நிப்பாருன்னு நினைக்கல."

என் கையும் நகரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களை மட்டும் கிண்டல் செய்வது நியாயமில்லை.

சுகுணா அதுவரை பேசவில்லை. குரலைச் சேமித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். "அந்த ரெக்கார்டருக்குப் பொட்டு வச்சாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. கடையில சாயங்காலம்தான்" என்றான் விஜி.

"என் தொண்டையில யாரு குங்குமம் வச்சாங்க?"

முனியப்பண்ணா தலையைச் சொறிந்தார். "அது உனக்குச் சோறு போடற ஆயுதம்தானேம்மா?" என்றார். விளையாட்டில்லை, நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"அப்ப நீங்க இன்னைக்குப் பேசவே கூடாதுண்ணா. ஆளுங்கள மேய்க்கிறதெல்லாம் வாயாலதானே?"

அவர் சிரித்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது. ஆனால் வெறும் குரலை எப்படிப் பதிவது? எங்கேயாவது நடக்கிற காரியமா? முதலில் டிரம், பிறகு கிடார், கடைசியில்தான் பாடுகிறவர். இங்கே கடைசிப் படியிலிருந்து வீடு கட்டவேண்டும். வேறு வழியில்லை. பூஜை செய்த ஷெட் என்பதால் செருப்பையெல்லாம் வெளியே விட்டிருந்தோம். வெறுங்காலோடு அவளைச் சுற்றி நின்றுகொண்டு, சிமெண்டுத் தரையில் காலைத் தட்டித் தாளம் போட்டோம். நயாஸ் தொடையில் தட்டினான். விஜி கிடார் வரவேண்டிய இடத்தில் 'ஜுகு ஜுகு' என்று வாயாலேயே முணுமுணுத்தான். மைக்குக்கு விழாதபடி நான் மூலையில் நின்று பேஸைப் போல 'ம்ம்ம்' என்றேன். பேண்டில் நான் ஒழுங்காக வாசித்தது அன்று ஒரு நாள்தான் என்று விஜி பின்னாளில் சொன்னான்.

சுகுணா கண்ணை மூடினாள். ஒரு மூச்சு எடுத்தாள். அந்த மூச்சுகூடப் பதிவாகியிருக்கிறது.

பிறகு கத்தினாள்.

இத்தனை நாள் நாங்கள் கேட்டதெல்லாம் டிரம்முக்கும் ஆம்புக்கும் இடையில் நசுங்கி வந்த குரல். அன்றுதான் முழுசாகக் கேட்டேன். மேலே தகரக் கூரைவரை போய், நான்கு சுவரையும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அடியில் இரும்பு, நடுவில் காற்று, மேலே ஒரு குழந்தையின் அழுகை, எல்லாம் ஒரே நேரத்தில். தாளத்தை விட்டுவிட்டேன். அப்போது பக்கத்திலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. 'ஸ்ஸ்ஸ்ர்ர்' என்று.

ஸ்னேர் டிரம். அதன் அடித்தோலில் சன்னமான கம்பிச் சுருள்கள் கட்டியிருக்கும். யாரும் தொடாமல், மாலையும் கழுத்துமாக, அவள் குரலுக்கு அது தானாக அதிர்ந்துகொண்டிருந்தது. மாலையிலிருந்து ஒரு சாமந்தி இதழ் தோலின்மேல் விழுந்து துள்ளியது. நயாஸ் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிவிட்டான். "நான் தொடல! அண்ணா, அல்லா சத்தியமா நான் தொடல!" என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவள் நிறுத்தியதும் அது நின்றது. ஆனால் கிடாரின் கம்பிகள் நிற்கவில்லை. விபூதிப் பட்டையோடு, ஈ பறக்கிற அளவுக்கு மெல்லிய ஒரு ரீங்காரம். அடுக்கி வைத்த தகடுகளிலிருந்தும் வந்தது. மொத்த ஷெட்டும் அவளுக்குப் பின்பாட்டு பாடியது.

இது அறிவியல்தான். ஓர் அதிர்வு இன்னொன்றை எழுப்பும் என்று டிப்ளமோவில் படித்துப் பாஸும் பண்ணியிருக்கிறேன். படித்தது அந்த நிமிஷம் ஒன்றும் உதவவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முனியப்பண்ணா அந்த டிரம்மையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க தொடலல்ல? அதுவா பாடுது. அப்ப சரி" என்று தீர்ப்புச் சொன்னார்.

சத்தம் கேட்டு மற்ற ஷெட்டுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யாருக்கோ கை மாட்டிக்கொண்டது என்று பயந்துபோய்த்தான் முதலில் ஓடிவந்தார்கள். புதுச்சட்டை, புதுப்புடவை, பிள்ளைகள், எல்லோர் கையிலும் பொரிப் பொட்டலம். வந்தவர்கள் போகவில்லை. லேத்துக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இனிமையாக இறங்குகிற ஓர் இடத்தைச் சுகுணா பாடிக்கொண்டிருந்தபோது விஜி ஹெட்போனைக் கழற்றிவிட்டு மிரண்டுபோய்ச் சுற்றிலும் பார்த்தான். ரெக்கார்டரில் கரகர என்று ஏதோ விழுகிறதாம். ஒயர் தேய்கிறதோ என்று தேடினோம். ஒயருமில்லை, ஒன்றுமில்லை, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகப் பொரி மென்றுகொண்டிருந்தார்கள்!

முனியப்பண்ணா எழுந்தார். "யாரும் மெல்லக்கூடாது. வாயில இருக்கிறத அப்படியே வச்சுக்கோங்க, பொண்ணு முடிக்கட்டும்" என்று உத்தரவு போட்டார். கன்னம் உப்ப, அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டின் கடைசியில், எல்லாம் வேகம் குறைந்து இடிக்கவேண்டிய அந்த இடத்தில், அவளைப் பின்பற்றி நாங்கள் தரையில் ஓங்கி மிதித்தபோது, உட்கார்ந்திருந்தவர்களும் தரையைத் தட்டினார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. அதே நேரம் தெருவில் யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். தொப் என்று சரியாகத் தாளத்தில் விழுந்தது. அதையும் விஜி வெட்டவில்லை.

வைத்திருந்த பாட்டெல்லாம் முடித்தாள். ஒவ்வொன்றுக்கும் இடையே சீரகத் தண்ணீர். கடைசிப் பாட்டில் குரல் நடுவில் பிளந்து, ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டது. நான் போதும் என்று கையைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்தாள். முடித்தபோது கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, நெற்றியில் வேர்வை. யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை.

"ஏம்மா உனக்கு இவ்ளோ கோவம்?" என்று முனியப்பண்ணா மெதுவாகக் கேட்டார்.

"கோவம் இல்லண்ணா. எனக்கு இதுதான் குரல். அங்க பேசறதுதான் வேற யாரோ" என்றாள். பாதி காற்றாகத்தான் வந்தது.

அவர் உள்ளே போய்ப் பூஜைத் தட்டை எடுத்துவந்தார். அவளுக்கு முன்னால் நீட்டினார். "அப்ப உன் ஆயுதத்துக்கும் பூஜைய முடிச்சிடலாம். ஆனா வச்சா நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது. தெரியுமில்ல?"

சுகுணா எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டாள். அதன்மேல் குங்குமம். அதற்குப் பிறகு அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டதற்கு நயாஸைக் கையால் காட்டினாள். விஜி ரெக்கார்டரை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, பூஜை நேரத்துக்குள் கடைக்கு ஓடினான். வேலை தப்பித்தது. அந்த ரெக்கார்டருக்கு அவனே பயபக்தியோடு பொட்டு வைத்தானாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேச்சு வந்தது. மெல்லிசாக, தண்ணீர் ஊற்றிய மோர் மாதிரி. கால் சென்டரில் அவளைப் போனிலிருந்து எடுத்து, மெயிலுக்குப் பதில் போடுகிற பக்கம் மாற்றினார்கள். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வந்தாள். மைக்கைப் பிடித்தாள், கண்ணை மூடினாள், அதே மூச்சை எடுத்தாள். வெறும் காற்று வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். எதிர் ஷெட்டின் சம்மட்டிதான் கேட்டது. "சரி, டீ குடிக்கலாம்" என்று மைக்கை வைத்துவிட்டாள். நயாஸ் டீ வாங்கப் போகிறேன் என்று போனவன் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

அவள் குரலுக்குக் கீழே நாங்கள் பிறகுதான், விஜி ரெக்கார்டரைத் திரும்பவும் கடையிலிருந்து எடுத்துவந்த நாட்களில், வாசித்துச் சேர்த்தோம். டிரம் சத்தத்தில் சம்மட்டி அமுங்கிவிட்டது. நயாஸுக்குத்தான் உயிர் போய்விட்டது. வழக்கமாகப் பாடுகிறவர் டிரம்முக்குப் பின்னால் ஓடவேண்டும். இங்கே அவள் எங்கே மூச்சு விடுகிறாளோ அங்கே அவன் நிற்கவேண்டும். ஹெட்போனுக்குள் அவள் மூச்சையே கேட்டுக் கேட்டு வாசித்தான். அதனால்தானோ என்னவோ, அந்த ஆல்பம் எங்கேயும் இயந்திரம் மாதிரி ஓடாது. அல்சூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒவ்வொன்றாகச் சிடியில் காப்பி எடுத்தோம். அட்டையில் மாலை போட்ட டிரம்மின் ஜெராக்ஸ் படம். எங்களுக்கு வெளியிடக் கம்பெனி கிடையாது. ஒரு காலேஜ் மைதானத்தில் கேரி பேக்கில் வைத்துக்கொண்டு கூவி விற்றோம். வாங்கின ஒரு பையன் மறுவாரம் தேடிவந்து, "இவங்க எப்ப ஸ்டேஜ்ல பாடுவாங்க?" என்று கேட்டான். "சீக்கிரம்" என்றான் விஜி.

இப்போது அந்த ஷெட் இல்லை. அதை இடித்து, பார்சல் கம்பெனியின் குடோன் கட்டியிருக்கிறார்கள். பண்டிகை நாளில்தான் அங்கே வேலை அதிகமாம். ஆயுத பூஜையன்றும் பார்சல் நகர்த்துகிற பெல்ட் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அதை நிறுத்தினால்தானே பொட்டு வைக்க முடியும். முனியப்பண்ணா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஓடாத லேத்தை யார் எடைக்கு எடுத்தார்களோ தெரியவில்லை. நயாஸ் துபாயில், விஜி கனடாவில். விஜி இப்போது கோயில் கமிட்டியில் இருக்கிறான் என்றால் சிரிப்பீர்கள். என்னிடம் ஒரு சிடி இருக்கிறது. அதை நுழைக்க வீட்டில் ஒரு துவாரம் இல்லை. ஒரு நாள் பழைய கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்தேன். சுழன்றது, தேடியது, வெளியே தள்ளிவிட்டது. அந்த வகைச் சிடி இத்தனை வருஷம் தாங்காது சார் என்றார் கடைக்காரர்.

அன்று மெட்ரோவில் ஸ்டேஷனைத் தவறவிட்டு இறங்கியதும், அந்தப் புதுப் பாட்டைச் சுகுணாவுக்கு அனுப்பினேன். அவள் இப்போது அத்திபெலேயில் இருக்கிறாள். புருஷனுக்கு டைல்ஸ் கடை, கணக்கெல்லாம் இவள்தான். கொஞ்ச நேரத்தில் குரல்பதிவு ஒன்று வந்தது. பிளாட்பார இரைச்சலில் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் கேட்க முடிந்தது.

"நல்லா கத்துறா. தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லு."

அவளிடம் இருந்த சிடியும் ஓடவில்லையாம். அந்தக் குரல் இப்போது எங்கேயும் இல்லை. நாங்கள் நான்கு பேரும், அன்று பொரி மெல்லாமல் உட்கார்ந்திருந்த சிலரும் நினைத்துக்கொண்டால்தான் உண்டு.

ஆனால் வருஷாவருஷம் ஆயுத பூஜையன்று அவளிடமிருந்து போனுக்குப் படங்கள் வரும். முதலில் ஸ்கூட்டர், அப்புறம் மிக்ஸி, கடைக் கம்ப்யூட்டர், டைல்ஸ் வெட்டுகிற மெஷின், எல்லாம் பொட்டும் பூவுமாக. கடைசியில் ஒன்று அவளே அவளை எடுத்தது. முகம் பாதிதான் விழுந்திருக்கும். தொண்டைக்குழியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டேன். இரண்டே வார்த்தையில் பதில் அனுப்பினாள்.

"ஓடினது தானே."